செம்புக் குடத்துத் தண்ணீர்

திண்டுக்கல் வெயிலுக்குச் செம்புக் குடத்துத் தண்ணீர் இதம்தான். ஆனால், கிருமியைக் கொல்லும் செம்பு நம்மை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? எல்லாம் அளவில்தான் இருக்கிறது, நேயர்களே! பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இது. கிருமி கலந்த தண்ணீரைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். காலராக் கிருமிகூடத் தப்பவில்லை. தண்ணீரில் கரைந்த செம்போ, உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் மோரையும் அதிலேயே ஊற்றி வைக்கலாமே என்பீர்கள். கூடாது! புளிப்பு செம்பை அதிகமாகக் கரைக்கும். குமட்டலும் வயிற்றுவலியும் வரும். சமையல் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசியது அதனால்தான். தீக்காயத்துக்குப் போடும் வெள்ளிக் களிம்பிலும் இதே கணக்குதான். கிருமியைத் தடுக்கும் அந்த வெள்ளி, அளவு மீறினால் புதுத் தோல் வளர்வதையும் தாமதப்படுத்தும்.