போஜ்வாசாவில் போஜ மரம் எங்கே?

கங்கோத்ரியில் இருந்து கோமுகத்துக்கு நடந்தவர்களுக்கு போஜ்வாசா தெரிந்திருக்கும். 14 கிலோமீட்டர் நடந்த களைப்பில் பலரும் இரவு தங்குவது அங்கேதான். ‘போஜ மரங்கள் இருக்கும் இடம்’ என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். ஆனால், போய்ச் சேர்ந்தால் கண்ணில் படுவது கல்லும் மணலும்தான். மரங்கள் என்ன ஆயின?

இந்தியில் போஜ்பத்ரா, சமஸ்கிருதத்தில் பூர்ஜம். பிர்ச் இனத்தைச் சேர்ந்த இமயமலை மரம் இது. 3,000 மீட்டருக்கு மேல், வேறு மரங்கள் நிற்கத் திணறும் குளிரில் வளர்கிறது. பட்டை வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரியும். நமக்குப் பனை இருந்தது, ஓலையில் எழுதினோம். காஷ்மீரில் பனைக்கு எங்கே போவார்கள்? இந்தப் பட்டையை உரித்து, எண்ணெய் பூசி, வழவழப்பாகத் தேய்த்து, மையால் எழுதினார்கள். 11-ம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி இந்தச் செய்முறையைக் குறித்து வைத்திருக்கிறார்.

காளிதாசரின் ‘விக்ரமோர்வசீயம்’ நாடகத்தில் புரூரவஸ் மன்னனுக்கு ஊர்வசி காதல் கடிதம் எழுதுவது பூர்ஜப் பட்டையில்தான். பத்திரமாக வைத்திருக்க வேண்டிய விதூஷகர் கோட்டைவிட, கடிதம் போய்ச் சேர்ந்த இடம் பட்டத்து ராணியின் கை! அப்புறம் அரண்மனையில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

1881-ல் பெஷாவர் பக்கம் பக்‌ஷாலி கிராமத்தில் மண்ணுக்குள்ளிருந்து 70 பட்டை ஏடுகள் கிடைத்தன. எல்லாம் கணக்கு. பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. இப்போது அவை ஆக்ஸ்ஃபோர்டில், போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. பட்டைக்குத் தண்ணீரைத் தடுக்கும் குணம் உண்டு. அதனால்தான் காஷ்மீரில் கூரை மேல் இதைப் பரப்பி, அதன்மேல் மண் போட்டார்கள். பனி உருகினாலும் வீட்டுக்குள் ஒழுகாது. வெண்ணெய் பொதியவும் இதுதான்.

காகிதம் வந்ததும் எழுதும் வேலை போய்விட்டது. தாயத்துக்கும் எந்திரம் எழுதவும் இன்றைக்கும் பூஜை சாமான் கடைகளில் விற்கிறார்கள், ஆன்லைனிலும் கிடைக்கிறது. தானாக உரியும் மேல் ஏட்டை எடுத்தால் மரத்துக்குப் பெரிய பாதிப்பில்லை. கத்தி உள்பட்டை வரை இறங்கினால் மரம் பட்டுப்போகும்.

ஆனால், போஜ்வாசாவை மொட்டையாக்கியது தாயத்து அல்ல, அடுப்பு. யாத்ரீகர்கள் பெருகினார்கள். அந்த உயரத்தில் டீ போட, சோறு வடிக்க, குளிர்காய வேறு விறகு ஏது? வருடத்தில் சில மாதங்களே வளரும் மரம், வெட்டும் வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

மலையேற்ற வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1981-ல் நந்தாதேவி சிகரம் ஏறியவர், அர்ஜுனா விருது பெற்றவர். போஜ்வாசாவுக்கு 5 கிலோமீட்டர் கீழே சிர்வாசாவில் நாற்றங்கால் போட்டார். 1990-களில் கன்றுகளைக் கொண்டுபோய் அந்தக் கல்லுக்கும் மணலுக்கும் நடுவே நட்டார். பல கன்றுகள் பிழைத்துக்கொண்டன. கோமுகம் பாதையில் நாளொன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி என்ற கட்டுப்பாடும் 2008-ல் வந்தது.