சுரங்கம் மூடியது, மேடை திறக்குமா?

ஐரோப்பாவில் கைவிடப்பட்ட சுரங்கங்களும் ஆலைகளும் அரங்குகளாகிவிட்டன. நந்திதுர்க்கில் அதைச் செய்ய என்ன வேண்டும்?

கோலார் தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பல ஆயிரம் அடி ஆழத்தில், தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மேலே லைன் வீடுகள் அதிரும். எந்த ஷிப்டில் யார் இறங்கியிருக்கிறார்கள் என்ற கவலை வீட்டுக்கு வீடு பரவும்.

அந்தக் கவலை 2001 பிப்ரவரி 28-ல் வேறு கவலையாக மாறியது. அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்த ஊரில் நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர் என்ற மூன்று பெரிய பெயர்களும், வேலையிழந்த தமிழ்க் குடும்பங்களும், துருப்பிடித்த இரும்பும், சயனைடு மேடுகளும் மிஞ்சின. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தலித் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். 2018-ல் 'கேஜிஎஃப்', 2024-ல் 'தங்கலான்' என்று சினிமா இந்த ஊரின் கதையை எடுத்துக்கொண்டது. ஊர் தன் கதையைத் தானே சொல்ல இங்கேயே ஒரு மேடை எழுப்பினால் என்ன?

இது வெறும் கனவல்ல. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட இரும்புக் கூடம், பின்னர் போகும் நகரின் இரும்பாலைக்கு இயந்திரக் கூடமானது. ஆலைக்குத் தேவைப்படாமல் போன அந்தக் கூடம் 2003-ல் அரங்கமாகத் திறக்கப்பட்டது. கட்டட வல்லுநர்கள் பழைய கிரேன்களைக்கூடக் கழற்றி எறியவில்லை. 2006-ல் ஓர் இசை நாடகத்தின்போது, ரசிகர்களின் இருக்கைகளையே தண்டவாளத்தில் ஏற்றி மேடையின் நீளத்துக்கும் நகர்த்திக் காட்டினார்கள். இயந்திரங்களைத் தாங்கப் போட்ட தரை அல்லவா?

பக்கத்து நகரமான எஸ்ஸனில் இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. 1986-ல் மூடப்பட்ட ஸோல்ஃபெராயின் நிலக்கரிச் சுரங்கத்தில், தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்து கரி கழுவிய குளியல் கூடம் இன்று நடன அரங்கு. ஸ்வீடனின் தால்ஹல்லா, 1990-ல் வேலை நின்ற சுண்ணாம்புக்கல் குவாரி. சுமார் 60 மீட்டர் ஆழக் குழிக்குள் 4,000 பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள். பாறைச் சுவரே ஒலியைத் திருப்பி அனுப்புகிறது.

நந்திதுர்க்கில் முதல் கேள்வி தரையைப் பற்றியது. மேலே உறுதியாகத் தெரியும் நிலத்துக்கு அடியில் தோண்டி எடுத்த வெற்றிடங்கள் இருக்கும். ஆயிரம் பேர் கூடும் கட்டடத்தை அதன்மேல் வைப்பதற்கு முன் பழைய சுரங்க வரைபடங்களைப் பார்க்க வேண்டும், துளையிட்டுச் சோதிக்க வேண்டும், அதிர்வுகளைப் பதிவு செய்ய வேண்டும். இந்த வித்தை இந்த ஊருக்குப் புதிதல்ல. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் தொடங்கப்பட்டதே இங்கேதான்.

இரண்டாவது கேள்வி இரும்பு. கூண்டை மேலே இழுக்கும் கயிற்றின் சக்கரங்களைத் தாங்கக் கட்டிய கோபுரம் பெரும் பாரம் சுமக்கும். ஆனால் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு சட்டத்தின் கனத்தையும் கருவி வைத்து அளக்க வேண்டும். பழைய ஷெட்டின் கூரைச் சட்டங்கள் தகரத்தையும் காற்றையும் தாங்கக் கணக்கிட்டவை. மேடை விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் அவற்றில் தொங்கவிட முடியாது. அதற்குத் தனித் தூண்களோடு உள்ளே இன்னொரு சட்டகம் எழுப்புவதே பாதுகாப்பு.

மூன்றாவது, சத்தம். தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது. வெறும் சுவர்களுக்குள் எதிரொலி பல விநாடி நீளும். நாடகத்துக்கு அது ஒரு விநாடி அளவில் அடங்க வேண்டும். பெரிய வாத்திய இசைக்கு இரண்டு விநாடி வரை போகலாம். கூத்துக்கோ கூரையே வேண்டாம். வடாற்காடு கூத்து வளர்ந்த மண். அங்கிருந்து வந்தவர்களின் ஊரில் முதலில் ஒரு திறந்தவெளி மேடை போதும், செலவும் குறைவு.

ஆனால் திறந்த மேடைக்கு ஒரு எதிரி உண்டு: தூசி. பொன் பிரித்த பின் கொட்டிய மண்ணில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. காற்றடித்தால் அது வீட்டுக்குள் வருகிறது, நுரையீரலுக்குள்ளும் போகிறது. 13 மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த மண்ணைக் கிளறும் காலத்தில் பக்கத்தில் கூட்டம் கூட்டுவது ஆபத்து. மேடு அடங்கிய பிறகுதான் மேடை.

போகும் ஊரிலும் எஸ்ஸனிலும் அரசு பணம் போட்டது. அதைவிட முக்கியமாக, கட்டடங்களைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடவில்லை. தங்கவயலில் அவசரம் அங்கேதான் இருக்கிறது. அரங்கம் பத்து வருடம் கழித்தும் கட்டலாம். அறுத்து லாரியில் ஏற்றிய கோபுரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எனவே முதல் வேலை ஒரு கணக்கெடுப்பு: எது நிற்கிறது, எது தாங்கும், எந்த நிலம் பத்திரமானது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது, கீழே வேலை பார்த்த கிழவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த இடத்துக்கு அடியில் எவ்வளவு தோண்டியது என்பது வரைபடத்தைவிட அவர்களில் சிலருக்கு நன்றாகத் தெரியும்.