பருத்தியும் அடிமை விலங்கும்

1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டையின் மீது பீரங்கிகள் முழங்கியதோடு தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரை, மாநில உரிமைக்காக நடந்த போர் என்று எழுதுவோர் உளர். தென் மாநிலங்கள் தாமே வெளியிட்ட பிரகடனங்களின் முன் அவ்வாதம் நிற்காது. தன் நிலை அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று மிசிசிப்பி மாநிலம் 1861 ஜனவரியில் ஒளிவுமறைவின்றி அறிவித்தது.

அப்பிணைப்பின் வேர் பருத்தி. 1793இல் எலி விட்னி பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தை அமைத்தார். உழைப்பைக் குறைக்க வந்த கருவி அடிமைகளின் தொகையைப் பெருக்கியது! பஞ்சைப் பிரிப்பது எளிதானதும் மேன்மேலும் நிலங்களில் பருத்தி பயிராயிற்று. பறிப்பதற்கோ மனிதக் கைகளே வேண்டியிருந்தன. 1860இல் அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி. அடிமைகளுக்கு இட்ட விலையின் கூட்டுத்தொகை, இரயில் பாதைகளிலும் ஆலைகளிலும் இடப்பட்ட முதலை விஞ்சி நின்றது. மனிதனைச் சொத்தாகக் கணக்கெழுதியவர்கள் அதனை எளிதில் விடுவார்களா?

மேற்கே உருவாகும் புதிய மாநிலங்களுக்கும் அம்முறை பரவினால்தான் செனட் சபையில் தெற்கின் வலிமை நிலைக்கும். ஆகவே, அப்பரவலை எதிர்த்த லிங்கன் 1860 நவம்பரில் வென்றதும், டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. மாநில உரிமை பேசிய இதே தெற்குதான், தப்பியோடிய அடிமைகளை வடக்கிலும் பிடித்துத் தரும் சட்டத்தை 1850இல் மத்திய அரசிடம் கேட்டுப் பெற்றது. வட மாநிலங்களின் உரிமை அன்று எங்கே போயிற்று?

வடக்கும் அடிமைகளை விடுவிக்கவெனக் களம் புகவில்லை. ஒன்றியத்தைக் காக்கவே புகுந்தது. 1863இன் விடுதலைப் பிரகடனம்கூடக் கிளர்ச்சிப் பகுதிகளுக்கே பொருந்தியது. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழிக்க 1865 டிசம்பரில் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வரவேண்டியிருந்தது. குற்றத்திற்கான தண்டனை என்ற விதிவிலக்கு அதிலும் இடம்பெற்றது.