‘மத்தியஸ்தர்’ – ‘இணைப்பாளர்’: ஒரு சமயக் கலைச்சொல்லின் பொருள் எல்லை

கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே கிறிஸ்து நிற்கிறார் என்பது கிறித்தவ நம்பிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. இக்கருத்தைச் சுட்டப் புதிய ஏற்பாடு ஆளும் கிரேக்கச் சொல் ‘மெசிதேஸ்’. ‘நடு’ என்னும் பொருளுடைய ‘மெசோஸ்’ என்பதன் அடியாகப் பிறந்தது இது. கலாத்தியர் நிருபத்தில் இருமுறை, முதலாம் தீமோத்தேயுவில் ஒருமுறை, எபிரேயரில் மும்முறை என ஆறு இடங்களில் மட்டுமே இது வருகின்றது. எனினும், இதனைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல் சிறிதன்று.

புராட்டஸ்தாந்துத் திருச்சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘மத்தியஸ்தர்’ என்னும் வடசொல்லை ஆள்கின்றது. ‘நடுவில் நிற்பவர்’ என்பது இதன் சொற்பொருள். மூலச்சொல்லின் பகுதிப்பொருளோடு இது நன்கு பொருந்துகின்றது. ஆயின், தமிழ் வழக்கில் மத்தியஸ்தர் எனப்படுபவர் வழக்காடும் இரு தரப்பையும் சாராத மூன்றாமவர். சார்பின்மையே அவரது தகுதி. கிறித்தவக் கோட்பாடோ இதற்கு மாறானது. கிறிஸ்து முழுமையான கடவுளும் முழுமையான மனிதரும் ஆவார் என்று கி.பி. 451இல் கூடிய கால்சிதோன் சங்கம் அறுதியிட்டது. அதன்படி அவர் இரு தரப்பிற்கும் புறம்பானவர் அல்லர். இரு தரப்பிற்கும் உரியவர். வழக்குப் பொருளை மட்டும் கொள்ளும் வாசகர் இக்கோட்பாட்டைத் தலைகீழாக உணர இடமுண்டு.

பிற சொற்களும் குறையுடையனவே. ‘நடுவர்’ தீர்ப்பளிப்பவரைக் குறிக்கும். ‘நடுவன்’ எனின் கூற்றுவனையும் சுட்டும். ‘தரகர்’ ஆதாயம் கருதுபவர். ‘தூதர்’ ஒருவர் சார்பாக மட்டுமே செல்பவர். அகப்பொருள் மரபின் ‘வாயில்’ ஊடல் தணிக்கும் உறவைக் காட்டினும், இன்றைய வாசகர்க்கு அப்பொருள் புலப்படாது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘இணைப்பாளர்’ என்னும் சொல்லைத் தேர்ந்தது. பிரிந்த இரண்டை ஒன்றாக்கும் செயலை இது முன்னிறுத்துகின்றது. சார்பின்மைப் பொருளை விலக்குகின்றது. ஆனால் ‘நடு’ என்னும் இடப்பொருளை இழக்கின்றது. எனவே, ‘இடையே’ என்னும் சொல்லையும் உடன் பெய்தல் பொருத்தமுடையது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பழைய மொழிபெயர்ப்பு கிறிஸ்துவை ‘மத்தியஸ்தர்’ என்றும், கலாத்தியரில் மோசேயைக் குறிப்பதாகப் பெரும்பாலோர் கொள்ளும் இடத்தில் ‘மத்தியஸ்தன்’ என்றும் கூறுகின்றது. கிரேக்கத்தில் இவ்வுயர்வு வேறுபாடு இல்லை. தமிழின் விகுதியே அதனைப் புகுத்துகின்றது. பழைய உடன்படிக்கையின் நடுநின்றவரையும் புதிய உடன்படிக்கையின் நடுநின்றவரையும் ஒப்பிட்டு நோக்கும் வாசகர்க்கு, ஒப்பீடு தொடங்குமுன்னரே விகுதி முடிவு கூறிவிடுகின்றது.

ஆதலின், ஆறு இடங்களிலும் ஒரே சொல்லை, ஒரே விகுதியோடு ஆளுதலே தக்கது. ‘இணைப்பாளர்’ அதற்கு ஏற்புடையது. ‘மத்தியஸ்தர்’ வழிபாட்டில் வேரூன்றிவிட்ட திருச்சபைகளிலோ அதனை மாற்றுவதினும், அதன் சமயப்பொருள் வழக்குமன்றப் பொருளினின்று வேறானது என்பதை அடிக்குறிப்பால் விளக்குதல் நன்று.