நெற்றியில் உணரும் மூக்கு

தக்கலைச் சந்தையில் நிற்பானொருவன் மூக்கில் ஈ அமர்ந்தால், அவன் கை மூக்கிற்கே விரையும். நெற்றியைத் துடைப்பானாயின் நாம் நகைப்போம். ஆயினும் அங்ஙனம் துடைக்க நேர்ந்தோரும் உளர்.

1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில், ஆங்கிலப் படையின் மாடோட்டியாகிய கவாஸ்ஜி என்பான் திப்புவிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பெற்றான். பூனாவினருகே வைத்தியனொருவன் அவன் நெற்றித் தோலை அரிந்து, காம்பு போன்ற ஒரு பகுதியை மட்டும் அறாது விட்டு, கீழே திருப்பி மூக்கமைத்தான். 1794-இல் லண்டன் பத்திரிகையொன்று இதனை வெளியிட்டது. இம்முறை இன்றும் வழங்குகின்றது.

இவ்வாறமைந்த மூக்கைத் தொட்டால், நெற்றியைத் தொட்டாற்போலத் தோன்றுவதுண்டு. காரணம் யாது? முகத்தின் உணர்ச்சியை ஐந்தாம் கபால நரம்பு மூன்று கிளைகளால் மூளைக்குக் கொண்டு செல்கின்றது. காம்பின் வழியே வரும் நரம்பு நெற்றிக்குரியது. தோல் இடம்பெயர்ந்ததை மூளை அறியாது. காம்பை அறுத்தபின் உணர்ச்சி மங்கும். பின்னர் அயலிலுள்ள நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்ந்து உட்புகுங்கால், மூக்கு மூக்காகவே உணரப்படும்.

மூக்கின் வடிவை வைத்தியன் கை தரும். தன் மூக்கென்னும் உணர்வை நரம்பே மெல்லத் தரும்.