அந்தப் பேருந்துகளை அனுப்பியது யார்?

சென்ற வாரம் வாக்காளர் பட்டியல்களைப் பற்றி எழுதியிருந்தேன். எந்தத் தெருவில் எந்த வீட்டில் சீக்கியர் குடியிருக்கிறார் என்பதை அந்தத் தாள்கள் காட்டிக்கொடுத்தன. ஆனால், முகவரி தெரிந்தால் மட்டும் போதுமா? அங்கே ஆள் போய்ச் சேர வேண்டும். ஒருவர் இருவரல்ல, நூற்றுக்கணக்கில் போய்ச் சேர வேண்டும். இரும்புக் கம்பிகளோடும் மண்ணெண்ணெய் டின்களோடும் போய்ச் சேர வேண்டும். 1984 நவம்பர் 1-ம் தேதி காலை டெல்லியில் அது எப்படி நடந்தது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

டெல்லி வரைபடத்தில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அதற்கு முந்தைய நாள் பிரதமர் இந்திரா காந்தி தன் சீக்கியக் காவலர்களால் சுடப்பட்ட சஃப்தர்ஜங் சாலை. அங்கிருந்து அவரைக் கொண்டுபோன எய்ம்ஸ் மருத்துவமனையும் அதிக தூரமில்லை. அமைச்சர்களும் அதிகாரிகளும் வாழும் பகுதி அது. இன்னொன்று, யமுனைக்கு அக்கரையில் இருக்கும் திரிலோக்புரி. நெருக்கடி நிலைக் காலத்தில் நகரத்துக் குடிசைகளை இடித்து, ஏழை ஜனங்களை அள்ளிக்கொண்டுபோய்க் குடியேற்றிய காலனி. வடமேற்கில் சுல்தான்புரி, மங்கோல்புரி ஆகியவையும் அதே வகைதான். அங்கே வாழ்ந்த சீக்கியர்களில் பலர் கயிற்றுக் கட்டில் பின்னியும், தச்சு வேலை செய்தும், ஆட்டோ ஓட்டியும் பிழைத்தவர்கள்.

கோபத்தில் கொதித்த மக்கள் தாமாகவே கிளம்பிவிட்டார்கள் என்றால், அந்தக் கோபம் எய்ம்ஸ் வாசலில்தானே உச்சத்தில் இருந்திருக்க வேண்டும்? அக்டோபர் 31-ம் தேதி மாலை அங்கே கலவரம் நடக்கத்தான் செய்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் வாகன வரிசை மீதே கல் விழுந்தது. வண்டிகளை மறித்துத் தலைப்பாகை கட்டியவர்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள். ஆனால், மறுநாள் காலை எல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. தாக்குதலின் தன்மையும் தீவிரமும் நவம்பர் 1 காலையிலிருந்து மாறியதை இந்தப் படுகொலைகளை விசாரித்த நானாவதி ஆணையமே பதிவு செய்திருக்கிறது. ஆண்களை வீட்டிலிருந்து வெளியே இழுத்து, அடித்து, சில இடங்களில் கழுத்தில் டயரை மாட்டி, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிக் கொளுத்தினார்கள். ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்த காலனிகளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே முறையில் இது நடந்தது. மையத்தில் மூண்ட தீ ஓர் இரவுக்குள் விளிம்புக்குத் தானாக நடந்துபோய்விடாது.

உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களில் டி.டி.சி. என்ற மூன்றெழுத்து மறுபடி மறுபடி வருகிறது. டெல்லி போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள். வெளியாட்கள் அவற்றில் வந்து இறங்கினார்கள், லாரிகளிலும் டெம்போக்களிலும் வந்து இறங்கினார்கள் என்று பிரமாணப் பத்திரங்கள் சொல்கின்றன. மக்கள் உரிமை அமைப்புகளான பி.யு.டி.ஆர்., பி.யு.சி.எல். இரண்டும் சேர்ந்து அதே நவம்பர் மாதத்திலேயே ஓர் அறிக்கையை வெளியிட்டன. ‘குற்றவாளிகள் யார்?’ என்பது அதன் தலைப்பு. நடந்தது தன்னெழுச்சி அல்ல, ஏற்பாடு என்று சாம்பல் ஆறுவதற்குள்ளேயே அது சொல்லிவிட்டது. நானாவதி ஆணையம் அதே முடிவுக்கு வர 2005 ஆயிற்று. வெளியாட்களைப் பெருமளவில் கொண்டுவருவதற்கும், ஆயுதங்களையும் எரிபொருளையும் கொடுப்பதற்கும் திட்டமிட்ட முயற்சி தேவைப்பட்டிருக்கும் என்பதே அதன் வாதம்.

அரசுப் பேருந்து ஒன்று டிப்போவை விட்டுச் சும்மா வெளியே வந்துவிடாது. இதை நம் ஊர் ஓட்டுநர் நடத்துநர் யாரைக் கேட்டாலும் சொல்வார். இன்ன வண்டி, இன்ன தடம், இன்ன ஓட்டுநர் என்று டூட்டி போட வேண்டும். டீசல் பிடித்தால் கணக்கில் ஏற வேண்டும். கிளம்பும்போது எத்தனை கிலோமீட்டர், திரும்பும்போது எத்தனை கிலோமீட்டர் என்று எழுத வேண்டும். வாசலில் காவலர் இருப்பார். வண்டி வரவில்லை என்றால் டிப்போவில் தேடுவார்கள். பொதுப் போக்குவரத்து என்பதே பதிவேடுகளின் மேல் ஓடுகிற ஏற்பாடு. கூட்டம் மறித்துப் பேருந்தைப் பறித்துக்கொண்டது என்று ஒரு வாதம் வரலாம். சில இடங்களில் அப்படியும் நடந்திருக்கலாம். அப்படியானால் பறிபோன வண்டிக்குப் புகார் இருக்கும், அதை ஓட்டிவந்தவரின் சாட்சி இருக்கும். இரண்டில் எதுவானாலும் விசாரணைக்கு அது நேர்வழி. முகம் தெரியாத கும்பலில் ஆளைத் தேடுவதைவிட, எண் எழுதிய வண்டியைத் தேடுவது எவ்வளவோ சுலபம். டிப்போ டிப்போவாகப் போய் அந்த மூன்று நாள் பதிவேடுகளை மறுநாளே முத்திரை வைத்து எடுத்திருக்க வேண்டும். விசாரணை என்றால் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைக்கு டெல்லிக்குச் சட்டமன்றம் கிடையாது. டி.டி.சி. மத்திய அரசின் நிறுவனம். 1996-ல்தான் அது டெல்லி அரசின் கைக்குப் போனது. போலீஸ் மத்திய உள்துறையின் கீழ். ரயில்வேயும் மத்திய அரசுடையது. பேருந்து, காவல், ரயில் மூன்றும் ஒரே அரசின் பொறுப்பு. மாநிலத்தின் மேல் மத்தியும், மத்தியின் மேல் மாநிலமும் பழி போட்டுத் தப்பிக்க அங்கே இடமே இல்லை.

பேருந்து கொலைகாரர்களைக் கொண்டுவந்தது என்றால், ரயில் கொலையுண்டவர்களைக் கொண்டுவந்து கொடுத்தது. வீட்டில் இருப்பவர் கதவைத் தாழிடலாம், அண்டை வீட்டுக்குள் ஒளியலாம், மாடி வழியே ஓடலாம். ரயில் பெட்டியில் இருப்பவர் எங்கே போவார்? டெல்லியில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல், டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் 2018-ல் அமைத்த, நீதிபதி எஸ்.என்.திங்ரா தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு, ஐந்து ரயில் நிலையங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: நாங்லோய், கிஷன்கஞ்ச், தயாபஸ்தி, ஷாதரா, துக்ளகாபாத். நவம்பர் 1, 2 தேதிகளில் கும்பல்கள் ரயில்களை நிறுத்தின. சீக்கியப் பயணிகளை வெளியே இழுத்து அடித்துக் கொன்றன, எரித்தன. நடைமேடைகளிலும் தண்டவாளங்களிலும் உடல்கள் சிதறிக் கிடந்தன. ரயில்கள் நிறுத்தப்படுவதும் சீக்கியர்கள் குறிவைக்கப்படுவதும் போலீஸுக்குத் தெரிந்தே இருந்தது. அப்படியும் அந்த இடத்தில் ஒருவர்கூடக் கைது செய்யப்படவில்லை. போலீஸ் சொன்ன காரணம்: தாங்கள் எண்ணிக்கையில் குறைவு, போலீஸைக் கண்டதும் கலவரக்காரர்கள் ஓடிவிட்டார்கள். குறைந்த எண்ணிக்கையில் இருந்த போலீஸைப் பார்த்தே ஓடிய கூட்டம் என்றால், அதைத் தடுக்க எவ்வளவு சிறிய படை போதுமாக இருந்திருக்கும்!

இறந்தவர்களில் விடுமுறையில் சென்ற, பணிக்குத் திரும்பிய ராணுவ வீரர்களும் உண்டு. நாட்டின் சீருடை அணிந்தவர்களுக்கு நாட்டின் ரயிலில் பாதுகாப்பு இல்லை. சக பயணிகள் சீட்டுக்கடியில் படுக்கவைத்து, மூட்டை முடிச்சுகளை முன்னால் அடுக்கி மறைத்ததால் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத அந்த மனிதர்களை நான் வணங்குகிறேன். ஆனால், பயணியைக் காப்பாற்றும் வேலை சக பயணியின் தலையில் விழுந்தது அரசின் தோல்வி. முதல் ரயிலில் கொலை நடந்த செய்தி வந்த நிமிடமே அடுத்து வரும் ரயில்களைப் பாதுகாப்பான நிலையங்களில் நிறுத்திவைத்திருக்கலாம். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குத் தகவல் சொல்லாமல் எந்த ரயிலும் ஓடாது.

ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா என்ற மானுடவியலாளர், ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர், இலங்கைத் தமிழர். தெற்காசியாவின் இனக் கலவரங்கள் பற்றி 1996-ல் வெளிவந்த அவரது நூல் 1983 கொழும்பையும் 1984 டெல்லியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. அங்கேயும் வாக்காளர் பட்டியல், அங்கேயும் அரசு பஸ்களிலும் லாரிகளிலும் ஏற்றிவரப்பட்ட ஆட்கள். கறுப்பு ஜூலையில் எரிந்த தமிழர் கடைகளைப் படத்தில் பார்த்துப் பதறிய நம்மில் எத்தனை பேர், பதினைந்தே மாதம் கழித்து நம் தலைநகரில் நடந்ததை அதே கண்ணால் பார்த்தோம்?

வேறு மாதிரி நடந்த ஊரும் இருக்கிறது. கல்கத்தாவில் டாக்ஸி ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களில் அன்று ஏராளமானோர் சீக்கியர்கள். கும்பல் நினைத்திருந்தால் தெருவுக்குத் தெரு ஆள் கிடைத்திருப்பார்கள். அங்கேயும் பதற்றம் இருந்தது, சில சம்பவங்கள் நடந்தன. ஆனால், ஜோதிபாசுவின் அரசு உடனே களத்தில் இறங்கி அடக்கியது. டெல்லியில் நடந்ததுபோல ஒரு படுகொலை அங்கே நடக்கவில்லை. டெல்லியில் மட்டும் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 2,733 பேர்.

2018 டிசம்பர் 17-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நீதிபதிகள் எஸ்.முரளிதர், வினோத் கோயல் எழுதிய அந்தத் தீர்ப்பு, 1984 படுகொலைகளை மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்றே அழைக்கிறது. இனப்படுகொலையும் மனித குலத்துக்கு எதிரான குற்றமும் நம் தண்டனைச் சட்டத்தில் குற்றங்களாகவே இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கொலை, தூண்டுதல், சதி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால், ஒரு சமூகத்தையே அழிக்க அரசின் வண்டியும் அரசின் மௌனமும் சேர்ந்து வேலை செய்யும்போது, அந்த முழுக் குற்றத்தையும் பிடிக்க ஒரு பிரிவு இல்லை. பேருந்தை அனுப்பியவர் அந்த இடைவெளியில்தான் தப்பித்துப் போகிறார்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அதிலும் அந்த இரண்டு குற்றங்களும் சேர்க்கப்படவில்லை.

(தொடரும்)