ஏரி மீன் வயிற்றில் பிளாஸ்டிக் துகள்

ஏரி, குளம், கண்மாய்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் விவசாயிகள், தண்ணீரின் நிறத்தையும் மீனின் நடமாட்டத்தையும் பார்த்தே குளத்தின் நலத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒரு பொருள் இப்போது நீர்நிலைகளில் சேர்ந்து வருகிறது. அது பிளாஸ்டிக் நுண்துகள். 5 மில்லி மீட்டருக்கும் குறைவான துண்டு, இழை, தூள் எல்லாவற்றுக்கும் இதுவே பெயர். கேழ்வரகு அளவில் இருப்பதும் உண்டு. மாவைவிட நுண்ணியதும் உண்டு.

சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியில் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியாயிற்று. ஒரு லிட்டர் தண்ணீரில் சராசரியாக 6 துகள்களும், ஒரு கிலோ வண்டலில் 27 துகள்களும் இருந்தன. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் எடுத்த வண்டல் மாதிரிகள் அனைத்திலும் துகள் இருந்ததாக 2017-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அங்கே மிகுதியாகக் கிடைத்தது, மெல்லிய பைகள் செய்யப் பயன்படும் பாலித்தீன்.

இது நகரத்துக் குப்பை மட்டும்தானே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. யூரியா சாக்கை எடுத்துக்கொள்வோம். முன்பு சணல் சாக்கு மக்கி மண்ணாயிற்று. இன்றைய சாக்கு பிளாஸ்டிக் நூலால் நெய்தது. மடை அடைக்கவும், கரை உடைப்பைத் தடுக்கவும் அதில் மணல் கட்டிப் போடுகிறோம். கோடை வெயில் பட்டால் சாக்கு நொறுங்கி, கையில் எடுத்தாலே நார் நாராக உதிர்கிறது. உதிர்ந்தது அடுத்த மழையில் வாய்க்கால் வழியாக ஏரிக்குத்தான் போகும். மிளகாய், தக்காளி, தர்ப்பூசணிக்கு விரிக்கும் நிலப்போர்வைத் தாளும், கிழிந்த நைலான் வலையும் அப்படியே. படித்துறையில் துவைக்கும் பாலியெஸ்டர் சேலையிலிருந்தும் இழை பிரிகிறது.

மீன் இதை எப்படித் தின்கிறது? கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்னும். அந்தச் சிற்றுயிர்களே துகளை விழுங்கியிருக்கலாம். மிருகாலும் சாதாக்கெண்டையும் அடிச்சேற்றைக் கிளறி மேய்பவை. சேற்றோடு துகளும் வாய்க்குள் போகிறது. விழுங்கியதில் பெரும்பகுதி கழிவோடு வெளியேறிவிடும். தங்கிவிடும் துகள் குடலை அடைத்துக்கொண்டால், மீன் வயிறு நிறைந்ததுபோல் இரை எடுப்பதைக் குறைக்கும். ஆய்வுக்கூடத் தொட்டிகளில் துகள் கலந்த இரை தின்ற மீன்களில் குடற்புண்ணும் வளர்ச்சிக் குறைவும் காணப்பட்டுள்ளன. ஆனால் அத்தொட்டிகளில் பலவற்றில் கலந்த அளவு, ஏரிகளில் இருப்பதைவிட மிக அதிகம். ஆகவே மீன் எடை கூடாததற்கெல்லாம் இதையே காரணமாக்கிவிடக் கூடாது. இருப்பு அடர்த்தி, இரை, தண்ணீரில் கரைந்த பிராணவாயு ஆகியவற்றை முதலில் கவனிக்க வேண்டும்.

ஏரியில் கலந்துவிட்ட நுண்துகளை வடிகட்டி எடுக்க விவசாயியால் ஆகாது. எந்த மருந்தும் இதற்கு இல்லை. உண்டென்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். பெரிய துண்டாக இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் வழி. அதற்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. தண்ணீர் வற்றியதும் ஏரியின் உள்வாயில் கிடக்கும் பை, சாக்கு, வலைத் துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும். விட்டால் அவை வண்டலில் புதைந்துபோகும். பிறகு மழைக்கு முன், புரட்டாசிக்குள், வரத்துக்காலைச் சுத்தம் செய்து, நீர் நுழையும் இடத்தில் நெருக்கமான மூங்கில் தட்டி கட்டலாம். முதல் வெள்ளம்தான் குப்பையை அதிகம் கொண்டுவரும் என்பதால், அந்த இரண்டு மூன்று நாட்கள் தட்டியில் சேர்வதை அடிக்கடி அள்ள வேண்டும். மடைக்குப் போட்ட சாக்கை வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். சேர்த்த பிளாஸ்டிக்கைக் கரையில் கொளுத்தக் கூடாது. அந்தப் புகை நச்சு. பழைய சாமான் கடைக்குப் போட்டால் நாலு காசாவது கிடைக்கும்.

வண்டல் அடிக்கும் விவசாயிகள், வயலில் கொட்டியதைப் பரப்பிக் காயவிட்டு, கண்ணில் படும் துண்டுகளைப் பொறுக்கிய பிறகே உழ வேண்டும்.

மீன் உண்பதை நிறுத்தத் தேவையில்லை. துகள்கள் பெரும்பாலும் குடலிலும் செவுளிலுமே தங்குகின்றன. பெரிய மீனில் இவ்விரண்டையும் நீக்கிக் கழுவிவிடுகிறோம். குடலோடு சமைக்கும் அயிரை போன்ற பொடி மீனில்தான் கவனம் தேவை. அயிரையை உயிரோடு நல்ல தண்ணீரில் விட்டுச் சேற்றைக் கக்கவைப்பது நம் பெண்களுக்குப் பழகிய முறை. ஓர் இரவு அப்படி வைத்திருந்து, இரண்டு முறை தண்ணீரை மாற்றினால், குடலில் உள்ள துகளில் ஒரு பகுதியும் சேற்றோடு வெளியேறும்.